இடது காலாகும் ஆம்புலன்ஸ்

அந்தப் பெட்டிகளின் மேல் பெயர் இருக்காது. ஓர் எண் இருக்கும், ஒரு படம் இருக்கும், மூலையில் பொடி எழுத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பவன் யார் என்று படத்தைப் பார்த்தவுடன் எங்களுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் தொலைக்காட்சியில் காராக ஓடி, லாரியாக ஓடி, திடீரென்று மடிப்புகள் பிரிந்து ரோபோவாக எழுந்து நின்றவர்களில் ஒருவன். ஆனால் அவனுடைய பெயர் பெரிய கம்பெனிக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் செய்கிறவர்கள் அதைப் போட முடியாது. எங்கோ தூரத்தில், நான் போகவே போகாத ஓர் ஊரில், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில், கம்பெனிக்காரனைவிட அழகாக அவனைச் செய்து, பெயர் மட்டும் வைக்காமல் அனுப்புவார்கள். அந்தப் பட்டறையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து, சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கீலை நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருப்பதாக.

இவற்றை நாங்கள் தேர்டு பார்ட்டி என்று சொல்வோம்.

“மூணாவது பார்ட்டின்னா, முதல் ரெண்டு பார்ட்டி யாருங்க?” என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

“பேர் வச்சிருக்கற கம்பெனி ஒண்ணு. வாங்கற நாங்க ஒண்ணு.”

“நடுவுல இவங்க யாரு?”

“கம்பெனியைவிட நல்லா செய்யறவங்க.”

“அதாவது, திருடறவங்க.”

“அது திருட்டு இல்ல. இவங்க செஞ்சதைப் பார்த்து இன்னொருத்தன் அப்படியே அச்சு எடுத்து விக்கறான் பாரு, அதுக்குப் பேரு டூப்பு. அதுதான் திருட்டு. அதையெல்லாம் நாங்க கையால தொட மாட்டோம்.”

“நல்ல கதையா இருக்கே. திருட்டுலயும் தராதரம் பாக்கறீங்க.”

தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைப் பேருந்தின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய தம்பி நிமிராமல் சொன்னான்: “அக்கா, உனக்கு இதெல்லாம் ஏறாது. போய் டீ போடு.”

“டீ போட மட்டும் ஏறுமா? நீயே எழுந்து போடு. எனக்கும் சேர்த்து.”

அவன் எழுந்து போய்ப் போட்டான். என் மச்சினன் அப்படித்தான். வாயால் ஒன்று பேசுவான், கால் வேறு பக்கம் போகும். லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே நிற்பவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து, கைகழுவி, என் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மாற்றிப் பார்த்துவிட்டு வைப்பான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணத்தில் கிடைத்தது மனைவி மட்டுமல்ல என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

நான் பல் செட் செய்பவன். டாக்டர் அல்ல. டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சு என்னிடம் வரும். அதில் ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, அக்ரிலிக்கில் வார்த்துக் கொடுப்பேன். ஆனாலும் பொம்மை சேர்க்கிறவர்களின் குரூப்பில் எனக்கு டாக்டர் என்றுதான் பெயர். அறுபது பேர் இருக்கும் குரூப். கீல் உடைந்தால், மூட்டு தளர்ந்தால் என்னிடம் அனுப்புவார்கள். இது அசலா டூப்பா என்று சந்தேகம் வந்தால் படம் எடுத்துப் போட்டு, “டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்” என்பார்கள். நான் சொன்னால் அது முடிந்த விஷயம்.

நான் செய்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மச்சினனுடைய பொம்மை ஒன்றை வாங்கி, அதைப் போலவே இன்னொன்று வார்த்து, அவனுக்கு அந்த வார்ப்பைக் கொடுத்துவிட்டு அசலை நான் வைத்துக்கொண்டேன்.

அது ஓர் ஆம்புலன்ஸ். தனியாக நிறுத்தினால் ஆம்புலன்ஸ், பிரித்தால் ஒரு ரோபோ, இன்னொரு விதமாக மடித்தால் ஒரு பெரிய ரோபோவின் இடது கால். அந்தப் பட்டறைக்காரர்கள் ஐந்து வண்டிகள் சேர்ந்து ஒரே ஆளாகும் ஒரு செட்டை அறிவித்தார்கள். பேருந்து உடம்பு, கிரேன் வலது கை, டேங்கர் லாரி இடது கை, குப்பை வண்டி வலது கால். ஐந்தாவது ஆம்புலன்ஸ். மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாக வந்தன. நானும் அவனும் ஆளுக்கு ஒரு செட் என்று வாங்கிக்கொண்டே போனோம். சேர்ந்து நிற்கும்போது முழங்கை உயரம் வரும் அந்த ஆளுக்கும் பெயர் இல்லை. நாங்களே பெரியவர் என்று வைத்தோம்.

“குப்பை வண்டி ஒரு கால், ஆம்புலன்ஸ் ஒரு கால்” என்றாள் என் மனைவி. “எங்க போறதுக்குங்க இவர் இவ்ளோ அவசரப்படறார்?”

ஆம்புலன்ஸ் இரண்டு சொல்லியிருந்தோம். ஒன்றுதான் வந்தது. கொஞ்சம்தான் செய்தார்களாம், அதற்குள் பட்டறையை மூடிவிட்டார்களாம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒற்றைப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். “நீங்க வச்சுக்கங்க மாமா” என்றான் அவன். “அதெல்லாம் வேணாம் மாப்ள, சீட்டுப் போடுவோம்” என்றேன் நான். எனக்கு விழும் என்று ஒரு நம்பிக்கை. நான் மாவு கலக்கும் ரப்பர் கிண்ணம் வீட்டில் ஒன்று கிடந்தது. அதில் இரண்டு சீட்டு போட்டு என் மனைவியை எடுக்கச் சொன்னோம். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எடுத்தாள்.

“தம்பிக்கு” என்றாள்.

“பொறந்த வீட்டுப் பாசம்” என்றேன். மூவரும் சிரித்தோம். நான் மற்ற இருவரையும்விட ஒரு நொடி கூடுதலாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பெரியவர் அலமாரியில் ஒற்றைக் காலில் நின்றார். இடது பக்கம் மாவுக்கட்டி ஒன்றைச் சீவி முட்டுக்கொடுத்தேன். பல் அச்சுக்கு ஊற்றும் அதே வெள்ளை மாவு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் அதைப் பார்த்து, “பாவம் மாமா இவர், மாவுக்கட்டு போட்டிருக்கார்” என்பான். கேலிதான். அவன் மனதில் வேறொன்றும் இல்லை. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு வாரமும் நகக்கண்ணில் ஊசி இறங்குவது மாதிரி இருந்தது. அவன் வீட்டுக்குப் போனால் வரவேற்பறையில் அவனுடைய பெரியவர் இரண்டு காலில் நிற்பார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே பார்வை அங்கே போய்விடும்.

ஆறு மாதம் கழித்து அவனே வாயைத் திறந்தான். “மாமா, ஆம்புலன்ஸுக்கு இடுப்பு ஆடுது. பெரியவரை நிக்க வச்சா லேசா சாயறார். உங்க வைத்தியம் ஏதாவது செய்யுங்களேன்.”

“குடுத்துட்டுப் போ. மூணு வாரம் ஆகும்.”

இடுப்பை இறுக்க மூன்று மணி நேரம் போதும். உருண்டை மூட்டில் மெல்லிசாக இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டால் ஆடாது. மூன்று வாரம் என்று என் வாய் சொன்னபோது, எதற்கு என்பது என் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நாற்பத்தொரு பிளாஸ்டிக் துண்டுகள். மதியம் நான் வேலை செய்யும் பல் லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக அச்சு எடுத்தேன். திருகும் ஆணியும் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்பவரிடம் கிடைத்தன. டயர் நான்கும் ஒரு மலிவு விளையாட்டுக் காரிலிருந்து கழற்றியவை. ஜன்னல்களுக்குப் பல் வரிசையை நேராக்கும் தகடு செய்கிற கண்ணாடி அக்ரிலிக் இருந்தது. பக்கவாட்டுச் சிவப்புக் கோடு என் மனைவியின் நகப்பூச்சு. வெள்ளைக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அசல் வெள்ளை லேசாகப் பழுப்பேறியிருந்தது. எங்களிடம் பல் நிறம் பார்க்கும் சட்டம் ஒன்று உண்டு, வெளிறியதிலிருந்து மஞ்சள்வரை பதினாறு பற்கள் வரிசையாகக் கோத்தது. ஆம்புலன்ஸின் கதவுமேல் ஒவ்வொரு பல்லாக வைத்து ஒப்பிட்டேன். ஏ-2 சரியாக உட்கார்ந்தது. பாதிப் பேருக்கு நான் போட்டுக்கொடுக்கும் நிறம் அதுதான். அந்தத் தூளில் ஒரு டப்பா அப்படியே கரைந்தது.

செய்து முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடவுளுக்கே அடையாளம் தெரியாது என்று நினைத்தேன்.

வார்ப்பை நான் வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முதலில் அதுதான் என் எண்ணம், சத்தியமாக. ஆனால் வார்ப்பு என் கையால் பிறந்தது. எந்தத் துண்டில் காற்றுக் குமிழி வந்து அடைத்தேன், எந்த ஓரத்தைக் கூடுதலாகத் தேய்த்தேன் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அது பொய் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே. தெரியாதவனுக்கு அது அசல்தானே. இப்படிச் செய்தால் இரண்டு பேர் வீட்டிலும் அசல் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். எவ்வளவு நியாயமான கணக்கு என்று அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அவன் வாங்கி மடித்துப் பார்த்தான். பட்டறைக்காரர்கள் கொடுத்த விளக்கத் தாளில் பத்தாவது படியும் பதினோராவது படியும் இடம் மாறி அச்சாகியிருக்கும். தாளை நம்பிச் செய்தால் கீல் போய்விடும். அவன் தாளைப் பார்க்காமல் பதினொன்றை முதலில் செய்து, பிறகு பத்தைச் செய்து, காலாக்கி, பெரியவரில் பொருத்தினான்.

“மாமா! அசையவே மாட்டேங்கறார்! கை வச்சா பொழச்சுக்கறாங்க உங்ககிட்ட.”

அவன் அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள்.

அசலை நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டு அலமாரியில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் பார்ப்பான். அதனால் லேபில் என் மேசையின் அடி இழுப்பறையில், யாரோ வாங்க வராமல் போன பல் செட் பெட்டிகளுக்குக் கீழே அது கிடந்தது. வீட்டில் பெரியவர் அதே மாவுக்கட்டோடு நின்றார். ஒன்றரை வருடத்தில் அதை நான் பெரியவரோடு ஒரே ஒரு முறை சேர்த்துப் பார்த்தேன், மனைவி வெளியே போயிருந்த ஒரு மாலையில், கதவைத் தாழ்போட்டுவிட்டு. இடுப்பு ஆடியது. அதை இறுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவனுக்குக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்தது. வீடு சின்னது. பொம்மை அலமாரி இருந்த இடத்தில் குழந்தைக் கட்டில் வரவேண்டும். அவன் எல்லாவற்றையும் விற்றுவிட முடிவு செய்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கையில் ஒரு பை.

“மாமா, மத்ததெல்லாம் போகட்டும். ஆம்புலன்ஸ் உங்களுக்குத்தான்.”

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். நான் வார்த்தது. நான் தேய்த்த ஓரம்.

“உங்க பெரியவர் எத்தனை நாள்தான் மாவுக்கட்டோட நிப்பார்?”

“எடுத்துக்கங்க. அவனே ஆசையா குடுக்கறான்” என்றாள் மனைவி.

‘சரி’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அங்கேயே புதைந்திருக்கும். ஆனால் என் பொய்யை எனக்கே அவன் பரிசாக நீட்டுகிறான். பொறுத்திருந்தால் அசலையே இப்படிக் கொண்டுவந்து நீட்டியிருப்பான். அது புரிந்த நொடியில் எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அவன்மேல்தான் வந்தது.

“செட்டைப் பிரிக்கக் கூடாது மாப்ள” என்றேன். “அஞ்சும் சேர்ந்திருந்தாதான் மதிப்பு. வாங்கறவன் முழுசா வாங்கட்டும்.”

“மாமா, நான் சொல்றது…”

“சொல்றேன்ல. எடுத்துட்டுப் போ.”

அவன் முகம் சின்னதாகிவிட்டது. பையில் வைத்துக்கொண்டான். அவன் போனபிறகு, “உங்களுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. கேட்டு வாங்கணும், குடுத்தா வாங்கக் கூடாது, அப்படித்தானே?” என்றாள் மனைவி.

செட்டை வாங்கியவர் குரூப்பில் எல்லோரும் கேஷியர் என்று கூப்பிடுகிற ஒருவர். உண்மையிலேயே வங்கியில் கேஷியர். பார்சல் வேலை இடத்துக்கு வந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் கவுன்டரிலேயே பிரித்திருக்கிறார். பக்கத்தில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸை அதன் அருகே வைத்ததும் அது பளீரென்று வெள்ளை நீலத்தில் ஒளிர்ந்தது. மற்ற நான்கும் மங்கலாகக் கிடந்தன. அவர் அதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். கீழே ஒரே வரி: ‘கள்ள நோட்டு இப்படித்தான் மின்னும்.’

பேருந்தில் நின்றபடி அந்தப் படத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரூப்பில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயிருள்ள பல் நீல விளக்கில் ஒளிரும். அந்தக் காலத்துப் பொய்ப்பற்கள் ஒளிராது. ஆட்டம்பாட்டம் நடக்கும் மேடையில், நீல விளக்குப் போட்ட கூடங்களில், சிரித்தால் அந்த இடம் மட்டும் ஓட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் பல் தூளில் ஒளிர்கிற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பொய் என்று தெரியாமல் இருக்கக் கலந்தது. தொழிலுக்கு வந்த முதல் மாதம் கற்றுக்கொண்ட பாடம் அது.

குரூப் கொதித்தது. ‘லிப்ட்டா இப்படி?’ என்றார்கள். அவனை அங்கே லிப்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ‘மேல ஏத்தி விட்டுக் கயித்தை அறுத்துட்டானே’ என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே இருபது சிரிப்பு முகங்கள். அவன் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் போட்டான்: ‘எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன். பெட்டியும் அசல்தான். நம்புங்க.’ குரூப்பை நடத்துகிறவர் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர், எல்லோருக்கும் வாத்தியார். அவர் எழுதினார்: ‘சண்டை வேண்டாம். டாக்டர் சொல்லட்டும். லிப்ட்டு அவருக்குச் சொந்தம்னாலும் டாக்டர் நியாயம் தவற மாட்டார்.’

அசல் என்று சொன்னால் கேஷியர் விடமாட்டார். உடைத்துக் காட்டுவார். உண்மையைச் சொல்வது என்ற ஒன்றும் இருந்தது. அதை நான் கைபேசியில் தட்டச்சுகூடச் செய்தேன். நான்கு வரி. பேருந்து ஒரு நிறுத்தத்தில் குலுங்கி நின்றது. அந்த நான்கு வரியையும் அழித்தேன். பிறகு ஒரு சொல் மட்டும் அனுப்பினேன்.

‘நகல்.’

‘டாக்டர்னா டாக்டர்தான்’ என்று உடனே வந்தது. ‘சொந்தம்னு பார்க்கலையே மனுஷன்.’ கைதட்டுகிற கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டிருந்தது.

மறுநாள் மதியம் அவன் லேபுக்கு வந்தான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சட்டையில் கிரீஸ் கறை. கையில் அதே பை. கேஷியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“மாமா, உங்களைத் தப்பா எடுத்துக்கல” என்றான் நுழைந்ததும். “பார்த்தா நகல்தான்னா நகல்னுதான் சொல்லணும். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நம்மளை அந்தப் பட்டறைக்காரனே ஏமாத்தியிருக்கான். மூடற நேரத்துல எவன் செஞ்சதையோ பெட்டியில போட்டு அனுப்பிட்டான்.”



“யோசிச்சுப் பார்த்தேன். நல்லவேளை மாமா, அன்னிக்குச் சீட்டு உங்களுக்கு விழல. விழுந்திருந்தா இந்த அசிங்கம் உங்களுக்குல்ல வந்திருக்கும்.”

“உட்காரு மாப்ள” என்றேன்.

“உங்ககிட்டயும் அந்த விளக்கு இருக்குல்ல? எனக்கு ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டுக் குப்பையில போட்டுடறேன்.”

“எதுக்குடா அதெல்லாம்.”

“பார்க்கணும் மாமா.”

விளக்கு மேசையிலேயே இருந்தது. பல் நிறம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கிற சிறிய நீல விளக்கு. இல்லை என்று சொல்ல வழியில்லை. அவனே ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். ஆம்புலன்ஸை மேசைமேல் வைத்து விளக்கைப் போட்டான்.

அது ஒளிர்ந்தது. நான் செய்த பொருள்களிலேயே அவ்வளவு அழகானது எதுவும் இல்லை என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது.

அவன் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு பார்வை மெல்ல நகர்ந்தது. விளக்குக்குப் பக்கத்தில் காலையில் மெருகுபோட்டு முடித்த ஐந்து பல் செட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்தும் அதே வெளிச்சத்தில் ஒளிர்ந்தன. அதே வெள்ளை. அதே நீலம். அவன் ஒரு பல் செட்டை எடுத்து ஆம்புலன்ஸின் கதவோடு ஒட்டிவைத்தான். கோடு தெரியவில்லை.



“மூணு வாரம்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

“மாப்ள…”

அவன் பல் செட்டை எடுத்த இடத்திலேயே வைத்தான். நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தான். விளக்கை அணைத்தான். திரையை விலக்கினான். மெக்கானிக்குகளுக்கு இருக்கும் பழக்கம், வேலை முடிந்தால் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

“அக்காவுக்குத் தெரிய வேணாம்” என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனான். ஆம்புலன்ஸ் மேசையிலேயே கிடந்தது.

மாலை குரூப்பில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘நான் தெரிஞ்சேதான் வித்தேன். மன்னிக்கவும். டாக்டருக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல.’ அதன்பின் அவன் குரூப்பைவிட்டு வெளியேறியதாகக் காட்டியது. வாத்தியார் எனக்குத் தனியாக எழுதினார்: ‘வருத்தப்படாதீங்க டாக்டர். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தர் இப்படி இருப்பார்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. “குழந்தை வரப்போற வீடு, வேலை இருக்கும்” என்றாள் மனைவி. மூன்றாவது வாரம் அவள் அலமாரியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

அசலை எடுத்துக்கொண்டு அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பதினான்கு மாடிக் கட்டடம். லிப்ட் ஓடவில்லை, அவன் அதைத்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். படியேறினேன். மொட்டைமாடி இயந்திர அறையில் கயிறு சுற்றும் பெரிய சக்கரத்துக்கு அருகே குந்தி உட்கார்ந்து, கந்தலால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது.

“உட்காருங்க மாமா. தண்ணி குடிங்க” என்று பாட்டிலை நீட்டினான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதை வைத்திருந்த அட்டைப்பெட்டியை அவன் முன்னால் வைத்தேன். “உன்னோடது. அசல். தொடக்கூட இல்ல, அப்படியே இருக்கு.”

அவன் விரல்களை மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டு எடுத்தான். பதினொன்றை முதலில், பிறகு பத்து. கை மறக்கவில்லை. காலாக்கித் தரையில் நிறுத்தினான். இடுப்பு லேசாக ஆடியது. கால் சாய்ந்து நின்றது.

“பாரு, இடுப்பு ஆடுது” என்றேன் அவசரமாக. “உனக்குத் தெரியும்ல? நீதான் சொன்ன. வார்ப்பு ஆடாது, நான் இறுக்கிச் செஞ்சேன். இதுதான் அசல்.”

சாய்ந்து நிற்கும் காலையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆடற மாதிரியும் உங்களுக்குச் செய்யத் தெரியும்ல மாமா?”



“விளக்குல வச்சுப் பாரு. மின்னாது” என்றேன்.

“மின்னாத தூளும் இருக்குமே உங்ககிட்ட.” அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு உதவ முயல்கிறவன்போல யோசித்து யோசித்துச் சொன்னான். “நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. அசலாவே இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாளா எனக்குத் தெரியாத எதையும் உங்களைக் கேட்டுத்தானே தெரிஞ்சுக்கிட்டேன்.”

ஆம்புலன்ஸாக மடித்துப் பெட்டியில் வைத்து என் பக்கம் நகர்த்தினான்.

“கொண்டுபோங்க. அக்கா கேட்டா, தம்பி குடுத்தான்னு சொல்லுங்க. சந்தோஷப்படும்.”

அவன் எழுந்து சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினான். சக்கரம் சுற்றத் தொடங்கியது. கயிறு முறுகும் சத்தம் அறையை நிரப்பியது. “சரியாயிடுச்சு. லிப்ட்டுலயே இறங்கிப் போங்க மாமா. முட்டி வலிக்கும்” என்றான் அந்தச் சத்தத்துக்கு மேலே.

நான் படியிறங்கித்தான் வந்தேன்.

இப்போது என் பெரியவர் இரண்டு காலில் நிற்கிறார். தம்பி கொடுத்தது என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். லேபில் கிடந்த வார்ப்பையும் கொண்டுவந்துவிட்டேன். அது ஏன் இரண்டு என்று அவள் இதுவரை கேட்கவில்லை. ஒன்று பெரியவரின் காலாக, ஒன்று பக்கத்தில் ஆம்புலன்ஸாக. அசல் மாதத்துக்கு மாதம் பழுப்பேறுகிறது. வார்ப்பு அன்று போலவே இருக்கிறது, ஏ-2.

போன வாரம் குழந்தையைப் பார்க்க அவள் மட்டும் போய்வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

“பையனுக்குப் பொம்மை ஏதாவது வாங்கிட்டு வரட்டுமாடான்னு கேட்டேன்” என்றாள். “எது வேணா வாங்கு, மாமா கையால மட்டும் வேணாம்னான். என்னங்க நடந்துச்சு உங்க ரெண்டு பேருக்கும்?”

அவள் அலமாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சீட்டுப் போட்ட, மாவு கலக்குகிற ரப்பர் கிண்ணம் இன்னும் எங்கள் சமையலறையில்தான் கிடக்கிறது.